ஆர்.வி.க்கு எத்தனை வாட் ஜெனரேட்டர்?

அன்புள்ள மாணவருக்கு,

ஆர்.வி. எனப்படும் பயண வீட்டுக்குத் தேவையான ஜெனரேட்டரின் அளவைத் தீர்மானிப்பது ஒரே ஒரு கணம்: கூரைமேல் இருக்கும் ஏசியின் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கும் கணம். அப்போது வண்டிக்குள் வேறு என்னென்ன ஓடிக்கொண்டிருக்கின்றன, வண்டி கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் கணக்கு முடிந்தது. ஆனால் அமெரிக்காவில் ஆர்.வி. வாங்குவோரில் பலர் இப்படிக் கணக்கிடுவதில்லை. ஒரு சாரார் வண்டியில் உள்ள எல்லாச் சாதனங்களின் வாட்டையும் கூட்டுகிறார்கள். இன்னொரு சாரார் வண்டியின் பிளக்கைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். “30 ஆம்பியர் வண்டி என்றால் 3,600 வாட் ஜெனரேட்டர் போதும்தானே?” என்று உங்கள் கடிதத்தில் கேட்கப்பட்டிருந்த கேள்வி இரண்டாவது வகை. வோல்ட், ஆம்பியர், வாட் ஆகியவற்றின் தொடர்பு பள்ளியிலேயே படித்த பாடம் என்பதால் அதை இங்கே விட்டுவிடலாம். அந்தத் தொடர்பைத் தவறான இடத்தில் பொருத்துவதுதான் சிக்கல்.

பிளக் சொல்வது உச்சவரம்பை மட்டுமே. வட அமெரிக்காவில் நடுத்தர டிரெய்லர்கள் பெரும்பாலும் 120 வோல்ட், 30 ஆம்பியர் இணைப்பு கொண்டவை. மூன்று முள் கொண்ட அந்தப் பிளக்குக்கு டிடி-30 என்று பெயர். அதன் வழியே 3,600 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்பதே அதன் பொருள். 3,600 வாட் தேவை என்பதல்ல. பெரிய வண்டிகளில் நான்கு முள் கொண்ட 50 ஆம்பியர் பிளக் இருக்கும். அதில் 120 வோல்ட் கொண்ட இரண்டு தடங்கள்; ஒவ்வொன்றிலும் 50 ஆம்பியர். ஆக மொத்தம் 12,000 வாட். பிளக்கை நம்பிக் கணக்கிட்டால் அந்த வண்டிக்காரர் 12,000 வாட் ஜெனரேட்டரைத் தேட வேண்டியிருக்கும். அந்த அளவில் கிடைப்பதை இரண்டு பேர் சேர்ந்தாலும் எளிதில் தூக்க முடியாது. ஆனால் அதே வண்டியில் மாலை நேரத்தில் ஒரு ஏசியும் விளக்குகளும் மட்டுமே ஓடும் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. வீட்டுக் குடிநீர்க் குழாய் தாங்கும் அழுத்தத்துக்கும் ஒரு குடும்பம் குடிக்கும் தண்ணீருக்கும் தொடர்பில்லை. பிளக்குக்கும் தேவைக்கும் உள்ள உறவும் அவ்வளவே.

எல்லாவற்றையும் கூட்டும் வழி இதைவிடச் சற்று நேர்மையானது. ஆனால் நேரத்தை மறந்துவிடுகிறது. ஆர்.வி.யின் மின்சுமைகளை மூன்று வகையாகப் பிரிப்பது பயன் தரும்.

முதல் வகை, யாரும் பொத்தானை அழுத்தாமலேயே ஓடிக்கொண்டிருப்பவை. இவற்றில் முக்கியமானது கன்வெர்ட்டர். 120 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட் நேர்மின்சாரமாக்கி பேட்டரியில் ஏற்றுவது அதன் வேலை. 55 ஆம்பியர் கன்வெர்ட்டர் ஒன்று, பேட்டரி காலியாக இருக்கும்போது ஏறத்தாழ 900 வாட் வரை இழுக்கும். பேட்டரி நிறைந்ததும் சில பத்து வாட்டுக்கு இறங்கிவிடும். ஜெனரேட்டரை இயக்குகிறவர்கள் பெரும்பாலும் பேட்டரி தீர்ந்த பிறகுதான் இயக்குகிறார்கள். எனவே கன்வெர்ட்டர் தன் உச்சத்தில் இருக்கும் வேளையும் ஜெனரேட்டர் ஓடும் வேளையும் ஒன்றாகவே அமைகின்றன. கணக்குப் போடுகிறவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான். கேஸிலும் மின்சாரத்திலும் இயங்கும் உறிஞ்சல் வகைக் குளிர்சாதனப் பெட்டி மின்சாரத்தில் இருந்தால் ஏறத்தாழ 300 வாட் எடுக்கும். தண்ணீர் ஹீட்டரின் வெப்பச்சுருள் 1,400 வாட்டை ஒட்டி எடுக்கும். இவ்விரண்டையும் ஜெனரேட்டர் ஓடும்போது கேஸுக்கு மாற்றிவிடுவது அறிவுடைமை.

இரண்டாம் வகை, சில நிமிடங்களே ஓடுபவை: மைக்ரோவேவ், காபி மேக்கர், ஹேர் டிரையர். 1,000 வாட் மைக்ரோவேவ் என்று பெட்டியில் எழுதியிருந்தால் அது உணவுக்குள் செல்லும் வெப்பம். சுவரிலிருந்து அது இழுப்பது 1,500 வாட்டை ஒட்டி இருக்கும். ஹேர் டிரையர் 1,500 முதல் 1,875 வாட் வரை. இவற்றை ஏசியோடு சேர்த்து ஓட்டியே தீர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஏசியை ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டுக் காபி போட்டுக்கொள்ளலாம். அந்த ஐந்து நிமிடப் பொறுமை இல்லாதவர்கள் ஆயிரக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள கூடுதல் வாட்டை வாங்குகிறார்கள்; பிறகு அதைப் பயணம் முழுவதும் சுமக்கிறார்கள்.

மூன்றாம் வகை, மோட்டார் உள்ளவை. ஆர்.வி.யைப் பொறுத்தவரை அது ஏசி. கணக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

அதற்கு முன் பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஜெனரேட்டருக்கும் இரண்டு திறன்கள் உண்டு: சில கணங்கள் மட்டும் தரக்கூடிய உச்சத் திறன், மணிக்கணக்கில் தரக்கூடிய தொடர் திறன். மாடலின் பெயரில் பெரும்பாலும் பெரிய எண்தான் இடம்பெறும். ஹோண்டா இயூ2200ஐ என்ற மாடலின் உச்சம் 2,200 வாட், தொடர் திறன் 1,800 வாட். இயூ3000ஐஎஸ் மாடலுக்கு 3,000, 2,800. இயூ7000ஐஎஸ் மாடலுக்கு 7,000, 5,500. இரண்டு எண்களுக்கும் இடையிலான இடைவெளி மாடலுக்கு மாடல் வேறுபடுவதைக் கவனிக்க வேண்டும். 7,000 என்ற பெயருக்குப் பின்னால் 1,500 வாட் கரைந்துவிடுகிறது. 3,000-இல் 200 மட்டுமே.

ஜேம்ஸ் வாட்டின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு இந்தப் பழக்கம் உறுத்தும். தம் நீராவி எந்திரத்தைக் குதிரைகளோடு ஒப்பிட்டு விற்க வேண்டியிருந்த வாட், ஒரு குதிரையின் திறனை நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்ட் என்று வைத்தார். இன்றைய அளவில் ஏறத்தாழ 746 வாட். சாதாரணக் குதிரை நாள் முழுவதும் சளைக்காமல் தரக்கூடியதைவிட அது அதிகம். ஆகவே பத்துக் குதிரைத்திறன் எந்திரம் வாங்கியவர், தம்மிடமிருந்த பத்துக் குதிரைகளைவிடக் கூடுதலான உழைப்பையே பெற்றார். அளவுகோல் வாங்குகிறவருக்குச் சாதகமாக இருந்தது. 1882-இல் வில்லியம் சீமென்ஸ் முன்மொழிந்தபடி வாட்டின் பெயரே திறனின் அலகாயிற்று. அந்தப் பெயரைச் சுமக்கும் எண் இன்று விற்பனைப் பெட்டியில் விற்கிறவருக்குச் சாதகமாக அச்சிடப்படுகிறது. தொடர் திறனைப் பெரிய எழுத்திலும் உச்சத்தைச் சிறிய எழுத்திலும் போட வேண்டும். அதுவரை வாங்குகிறவர் கையேட்டைத் திறந்து தொடர் திறனைத் தேடிப் பார்ப்பதே வழி.

இனி ஏசி. தமிழ்நாட்டில் ஏசியை டன் கணக்கில் வாங்குகிறோம், அமெரிக்க ஆர்.வி.களில் பி.டி.யு. என்ற வெப்ப அலகில் கணக்கு. மணிக்கு 12,000 பி.டி.யு. ஒரு டன். இந்தத் தொடர்பு பனிக்கட்டி வணிகக் காலத்தைச் சேர்ந்தது. ஒரு பவுண்ட் பனிக்கட்டி உருக 144 பி.டி.யு. வெப்பம் வேண்டும். 2,000 பவுண்ட் கொண்ட ஒரு அமெரிக்க டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகினால் 2,88,000 பி.டி.யு.; மணிக்கு 12,000. எந்திரக் குளிரூட்டல் வந்தபோது, எத்தனை டன் பனிக்கட்டிக்கு ஈடு என்று சொன்னால்தான் வாங்குபவருக்குப் புரிந்தது. ஆர்.வி. கூரைகளில் பரவலாகக் காணப்படும் 13,500 பி.டி.யு. ஏசி, நம் கணக்கில் ஒன்றேகால் டன்னுக்குச் சற்றுக் குறைவு. 15,000 பி.டி.யு. ஒன்றேகால் டன்.

13,500 பி.டி.யு. ஏசி சீராக ஓடும்போது ஏறத்தாழ 1,300 முதல் 1,600 வாட் வரை எடுக்கும். வெயில் ஏற ஏற இந்த எண்ணும் ஏறும். வெளிக்காற்று சூடாக இருந்தால் குளிர்வாயுவைக் கூடுதல் அழுத்தத்துக்கு எதிராகத் தள்ள வேண்டியிருக்கிறது. ஆனால் தொடங்கும் கணத்தின் கதை வேறு. மோட்டார் சுழலும்போது அதன் சுருள்களில் எதிர் மின்னழுத்தம் ஒன்று உண்டாகி, உள்ளே வரும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. நின்றுகொண்டிருக்கும் மோட்டாரில் அந்தத் தடை இல்லை. எனவே முதல் கணத்தில் சுருளின் சொந்தத் தடை அனுமதிக்கும் அளவுக்கு மின்னோட்டம் பாய்கிறது. ஏசியின் பெயர்ப்பலகையில் இது எல்.ஆர்.ஏ. என்ற குறியோடு அச்சிடப்பட்டிருக்கும்: ரோட்டர் சுழலாமல் இறுகி நிற்கும்போது பாயும் ஆம்பியர். 13,500 பி.டி.யு. ஏசியில் ஓட்ட மின்னோட்டம் 12 ஆம்பியரை ஒட்டி இருந்தால், எல்.ஆர்.ஏ. 60 ஆம்பியரை ஒட்டி இருக்கும். ஐந்து மடங்கு.

60 ஆம்பியரை 120 வோல்ட்டால் பெருக்கினால் 7,200 வருகிறது. அப்படியானால் 7,200 வாட் ஜெனரேட்டர் வேண்டுமா என்ற கேள்வி எழும். வேண்டாம். அந்த மின்னோட்டத்தின் பெரும்பகுதி வோல்ட்டோடு ஒரே கட்டத்தில் இல்லை. மோட்டாருக்குள் காந்தப்புலத்தை உண்டாக்கித் திரும்பிவிடுகிறது. எஞ்சின் உண்மையில் சுமக்க வேண்டிய வாட் அதைவிட மிகக் குறைவு. மேலும் அந்த நிலை ஒரு நொடிக்கும் குறைவாகவே நீடிக்கிறது. அதற்குள் ஜெனரேட்டரின் வோல்ட் சற்றுத் தாழ்ந்து மீள்கிறது. தொடக்கக் கப்பாசிட்டர் கைகொடுக்கிறது. நடைமுறையில் 13,500 பி.டி.யு. ஏசியைத் தொடங்க 2,700 முதல் 3,000 வாட் உச்சத் திறனும், 15,000 பி.டி.யு. ஏசியைத் தொடங்க 3,200 முதல் 3,500 வாட்டும் வைத்துக்கொள்வது வழக்கம். ஓடுவதற்குத் தேவைப்படுவதில் இரு மடங்கு. ஆர்.வி. ஜெனரேட்டர் கணக்கில் மனப்பாடமாக இருக்க வேண்டிய எண்கள் இவையே.

தொடக்கத்துக்குப் போதுமான திறன் இல்லாவிட்டால் நடப்பதும் தெரிந்திருக்க வேண்டும். கம்ப்ரஸர் உறுமி நிற்கும். இன்வெர்ட்டர் ஜெனரேட்டராக இருந்தால் அதிகச்சுமை விளக்கு எரிந்து மின்சாரம் துண்டிக்கப்படும். பழைய வகையாக இருந்தால் எஞ்சின் திணறி வோல்ட் தாழும். தாழ்ந்த வோல்ட்டில் கம்ப்ரஸர் தொடர்ந்து முக்கிக்கொண்டிருந்தால் அதன் சுருள் எரிந்துபோக வாய்ப்புண்டு. சிறிய ஜெனரேட்டரில் ஏசியைத் திரும்பத் திரும்ப முயன்று பார்ப்பது ஏசிக்குச் செய்யும் கேடு. இன்னொன்று: ஏசியை நிறுத்திய உடனே மறுபடி போடக் கூடாது. குளிர்வாயுவின் இருபுற அழுத்தமும் சமமாக இரண்டு மூன்று நிமிடமாவது ஆகும். அதற்கு முன் தொடங்கினால் அழுத்தத்தையும் சேர்த்துத் தள்ள வேண்டியிருப்பதால், போதுமான ஜெனரேட்டரும் தோற்றுப்போகும். “ஜெனரேட்டர் சரியில்லை” என்று குறை சொல்லப்படும் பல நேரங்களில் குறை அந்த அவசரத்தில்தான் இருக்கிறது.

இந்தத் தொடக்கச் சுமையை அடக்கவே சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்ற சிறு மின்னணுக் கருவி வந்திருக்கிறது. ஏசியின் கம்ப்ரஸர் இணைப்பில் அதைப் பொருத்தினால், முழு மின்னோட்டத்தையும் ஒரேயடியாக விடாமல் படிப்படியாக ஏற்றுகிறது. தொடக்க மின்னோட்டம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஏசி வைத்திருப்பவர் ஜெனரேட்டருக்குச் செலவழிக்கும் முன் இதற்குச் செலவழிக்க வேண்டும். ஓட்டச் சுமையை இது குறைக்காது என்பதையும் மறக்கக் கூடாது. 1,500 வாட் எடுக்கும் ஏசி, சாஃப்ட் ஸ்டார்ட்டர் வைத்த பிறகும் 1,500 வாட்டே எடுக்கும்.

அடுத்தது உயரம். பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சி எரிப்பது; காற்று அடர்த்தி குறைந்தால் திறனும் குறையும். தயாரிப்பாளர்களின் கையேடுகள் பொதுவாகச் சொல்லும் அளவு, 1,000 அடிக்கு 3.5 சதவீத இழப்பு. உயரத்துக்கேற்ற கார்புரேட்டர் ஜெட் மாற்றினாலும் இந்த இழப்பு உண்டு. மாற்றாவிட்டால் இன்னும் மோசமாகி, எஞ்சின் கரும்புகையும் கக்கும். டென்வர் நகரம் 5,280 அடி உயரத்தில் இருக்கிறது: 18.5 சதவீத இழப்பு. அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் ஏறத்தாழ 6,900 அடி: 24 சதவீதம். கொலராடோவின் லெட்வில் 10,000 அடிக்கு மேல்: மூன்றில் ஒரு பங்குக்கும் கூடுதலான இழப்பு. 1,800 வாட் இயந்திரம் அங்கே 1,170 வாட் இயந்திரம்.

இங்கே ஓர் ஆறுதல் உண்டு. கணக்குப் போடுகிறவர்கள் வெப்பத்தையும் உயரத்தையும் ஒன்றாகச் சேர்த்து மிக மோசமான நிலையைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். இயற்கையில் அவை பெரும்பாலும் எதிர்த்திசையில் செல்கின்றன. மலையேறினால் குளிரும். 1913 ஜூலை 10-இல் 56.7 டிகிரி செல்சியஸ் பதிவான டெத் வேலி, கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. அங்கே எஞ்சினுக்கு உயர இழப்பே இல்லை. லெட்வில்லில் கூரை ஏசிக்கு வேலையே குறைவு. உண்மையில் சிக்கலான இடம் இடைப்பட்ட உயரம்: கோடை நாளில் 38 டிகிரியைத் தொடக்கூடிய டென்வர் போன்ற ஊர்கள். எனவே செல்லும் இடங்களில் மிக வெப்பமானது, மிக உயரமானது, இரண்டும் ஓரளவு கலந்தது என மூன்று இடங்களுக்குத் தனித்தனியாகக் கணக்கிடுவதே சரி. ஒரே பெரிய எண்ணைத் தேடுவது சோம்பேறித்தனம்.

ஓர் எடுத்துக்காட்டு. 30 ஆம்பியர் டிரெய்லர், 13,500 பி.டி.யு. ஏசி ஒன்று, 55 ஆம்பியர் கன்வெர்ட்டர். குளிர்சாதனப் பெட்டியும் ஹீட்டரும் கேஸில். பேட்டரி பாதி காலி என்று கொண்டால் கன்வெர்ட்டருக்கு 700 வாட், லேப்டாப்புக்கும் கைபேசிகளுக்கும் 100 வாட். ஏசி ஓட 1,500, தொடங்க 3,000. ஆக, ஓட்டத் தேவை 2,300 வாட். உச்சத் தேவை 3,800 வாட்.

3,000/2,800 வாட் ஜெனரேட்டர் ஒன்று: ஃபீனிக்ஸ் நகரம் 1,100 அடியை ஒட்டி இருப்பதால் இழப்பு 4 சதவீதம். உச்சம் 2,880. ஏசியைத் தொடங்காது. சாஃப்ட் ஸ்டார்ட்டர் இருந்தால் தொடங்கும். 2,688 வாட் தொடர் திறனில் 2,300 ஓடும். டென்வரில் தொடர் திறன் 2,282-க்கு இறங்கிவிடும். கன்வெர்ட்டரை நிறுத்தினால் மட்டுமே ஏசி ஓடும்.

2,200/1,800 வாட் ஜெனரேட்டர் இரண்டு, இணைப்புக் கம்பியால் சேர்த்து: மொத்தம் 4,400/3,600. ஃபீனிக்ஸில் உச்சம் 4,224, தொடர் திறன் 3,456. எல்லாம் தாராளமாக ஓடும். டென்வரில் உச்சம் 3,586. சாஃப்ட் ஸ்டார்ட்டர் இல்லாவிட்டால் 3,800 எட்டாது. ஆனால் ஏசி தொடங்கும் வரை கன்வெர்ட்டரின் பிரேக்கரை இறக்கி வைத்தால் தேவை 3,100 ஆகிவிடும். தொடங்கிய பின் பிரேக்கரைப் போட்டால் 2,934 வாட் தொடர் திறனில் 2,300 ஓடும். ஒரு பிரேக்கரை இறக்கி ஏற்றும் பழக்கம் 700 வாட் ஜெனரேட்டருக்குச் சமம்.

2,200/1,800 வாட் ஜெனரேட்டர் ஒன்று மட்டும்: சாஃப்ட் ஸ்டார்ட்டரோடு, ஃபீனிக்ஸில், கன்வெர்ட்டரை நிறுத்திவிட்டால் 1,728 வாட்டில் 1,600 ஓடும். முடியும், ஆனால் இயந்திரம் தன் எல்லையிலேயே நாள் முழுவதும் நிற்கும். தொடர் திறனில் 80 சதவீதத்துக்குள் ஓட்டுவதே நீண்ட ஆயுளுக்கு வழி.

இதே டிரெய்லர் குளிர்காலத்தில் அரிசோனாவின் குவார்ட்ஸைட் பாலைவனத்துக்குச் செல்வதாகக் கொள்வோம். அங்கே மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை 1983 முதல் நீண்டகாலத் தங்குமிடங்களை நடத்துகிறது. பருவம் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை. மின் இணைப்பு இல்லாமல் மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் அங்கே ஏராளம். குளிர்காலத்தில் ஏசி தேவையில்லை. பேட்டரி ஏற்றுவதே வேலை. 1,000 வாட் அளவு ஜெனரேட்டர் அதைச் செய்துவிடும். ஆகவே “இந்த வண்டிக்கு எவ்வளவு?” என்று கேட்பதே அரைகுறைக் கேள்வி. இந்த வண்டிக்கு, இந்த ஊரில், இந்த மாதத்தில் எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

“எதற்கும் இருக்கட்டும்” என்று பெரியதாக வாங்குவோரின் வாதத்துக்கு எரிபொருள் கணக்கே பதில். இயூ2200ஐ மாடலின் தொட்டி 3.6 லிட்டர். முழுத் தொடர் சுமையில் 3.2 மணி நேரமும், கால் சுமையில் 8.1 மணி நேரமும் ஓடும். முதல் நிலையில் லிட்டருக்கு 1.6 யூனிட் மின்சாரம்; இரண்டாவதில் ஒரு யூனிட்தான். அதாவது இயந்திரம் தன் திறனில் சிறு பகுதியைத் தரும்போது பெட்ரோலை வீணடிக்கிறது. தேவையைவிட நான்கு மடங்கு பெரிய ஜெனரேட்டர் வாங்கியவர் ஒவ்வொரு லிட்டரிலும் இந்த அபராதத்தைக் கட்டுகிறார். எடையும் அப்படியே: இயூ2200ஐ 21 கிலோ, இயூ3000ஐஎஸ் 59 கிலோவுக்கும் மேல். ஒருவர் தூக்கி இறக்க முடியாத ஜெனரேட்டரை எடுத்துச்செல்லத்தக்கது என்று அழைப்பது பொருந்தாது. சிறியவை இரண்டை இணைத்துப் பயன்படுத்துவதன் வலிமை இதில்தான் இருக்கிறது. ஏசி வேண்டாத நாளில் ஒன்றை மட்டும் இயக்கலாம், ஒன்று பழுதானால் மற்றொன்று இருக்கும், ஒவ்வொன்றாகத் தூக்கலாம். இணைக்க வேண்டியவை ஒரே தயாரிப்பாளரின், ஒன்றுக்கொன்று பொருந்தும் மாடல்களாக இருக்க வேண்டும்.

வகையைத் தேர்வதில் தயக்கத்துக்கு இடமில்லை. பழைய திறந்த சட்டக ஜெனரேட்டரில் எஞ்சினும் மின்னாக்கியும் நேரடியாகப் பூட்டப்பட்டவை. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் கிடைக்க, இருமுனை மின்னாக்கி நிமிடத்துக்கு 3,600 சுற்று சுழன்றே ஆக வேண்டும்; இந்தியாவின் 50 ஹெர்ட்ஸுக்கு 3,000. ஒரு விளக்கு எரிந்தாலும் அதே வேகம், அதே இரைச்சல். இன்வெர்ட்டர் வகையில் மின்சாரம் முதலில் நேர்மின்சாரமாக்கப்பட்டு, பிறகு மின்னணு முறையில் 60 ஹெர்ட்ஸாக மாற்றப்படுவதால் சுமைக்கேற்ப எஞ்சின் வேகமும் இரைச்சலும் குறையும். இரைச்சல் சட்டத்தோடும் தொடர்புடையது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் விதிப்படி ஜெனரேட்டரின் ஒலி 50 அடி தூரத்தில் 60 டெசிபெலைத் தாண்டக் கூடாது. தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் 7 மீட்டர், அதாவது 23 அடி தூரத்தில் அளந்து சொல்கிறார்கள். அந்த எண்ணிலிருந்து ஏறத்தாழ 7 டெசிபெல் கழித்தால் 50 அடி அளவு கிடைக்கும். 57 என்று சொல்லப்படும் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் அங்கே 50, தடையின்றித் தேறும். 72 என்று சொல்லப்படும் திறந்த சட்டகம் 65, தேறாது. தேறினாலும் பல பூங்காக்களில் காலையும் மாலையும் சில மணி நேரம்தான் அனுமதி. ஆகையால் அந்தக் குறுகிய நேரத்துக்குள் பேட்டரியை ஏற்றி முடிக்கும் திறனும் கணக்கில் வர வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வேகமாக ஏற்றுக்கொள்ளும். ஈய-அமில பேட்டரி கடைசி 20 சதவீதத்துக்கு மணிக்கணக்கில் இழுத்தடிக்கும். அந்த மிச்சத்தை ஜெனரேட்டரிடம் விடாமல் சூரியத் தகட்டிடம் விடுவது நல்லது.

எரிபொருளும் எண்ணை மாற்றும். பெட்ரோலிலும் புரொப்பேனிலும் ஓடும் இரட்டை எரிபொருள் வகை, புரொப்பேனில் ஏறத்தாழ 10 சதவீதம் குறைவான திறனே தரும். புரொப்பேனில் ஓட்ட நினைப்பவர் அதற்குரிய எண்ணை எடுத்து, அதன் மேல் உயர இழப்பையும் கழிக்க வேண்டும்.

இரண்டு ஏசி உள்ள 50 ஆம்பியர் வண்டியில் இரண்டையும் ஒரே கணத்தில் தொடங்கக் கணக்கிடத் தேவையில்லை. ஒன்று ஓடிக்கொண்டிருக்க மற்றொன்று தொடங்குவதே உச்சம்: 1,500, 3,000, கன்வெர்ட்டர் 700 என ஏறத்தாழ 5,200 வாட். 240 வோல்ட் ஜெனரேட்டரில் திறன் இரண்டு தடங்களுக்கும் பாதிப் பாதியாகப் பிரியும் என்பதைக் கவனித்து, ஏசிகள் வெவ்வேறு தடங்களில் இருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அளவு சரியாக இருந்தும் மின்சாரம் உள்ளே வராத நிலை ஒன்றுண்டு. சிறிய இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் கம்பி எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்காது. வண்டியின் பாதுகாப்புக் கருவி அதை எர்த் பழுது என்று கருதி மின்சாரத்தை மறுத்துவிடும். நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்கும் சிறு பிளக்கை ஜெனரேட்டரின் காலியான சாக்கெட்டில் செருகினால் தீரும். இதைத் திறன் குறைவு என்று எண்ணிப் பெரிய ஜெனரேட்டருக்கு மாறுவது வீண் செலவு.

இடமும் முக்கியம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை, தூக்கத்திலேயே கொன்றுவிடும். ஜெனரேட்டர் வண்டியிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைவாய் சன்னல்களுக்கு எதிர்ப்புறம் இருக்கும்படி நிற்க வேண்டும். பக்கத்து வண்டிக்கும் அதே 20 அடி. அந்தத் தூரத்துக்கு வாங்கும் கம்பி மெலிதாக இருந்தால் வோல்ட் தாழ்ந்து கம்ப்ரஸரின் தொடக்கத்தைக் கெடுக்கும். எனவே 30 ஆம்பியர் தாங்கும் தடித்த கம்பியே வேண்டும். காட்டுத்தீ அபாயம் உள்ள வனப்பகுதிகளில் தீப்பொறி தடுப்பான் பொருத்திய ஜெனரேட்டராகவும் இருக்க வேண்டும்.

வாங்கிய பின் பயணத்துக்கு முன்பே வீட்டு வாசலில் சோதித்துவிட வேண்டும். வெயில் உச்சத்தில் இருக்கும் பிற்பகலில், பேட்டரியைப் பாதி இறக்கி, கன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஏசியைப் போட வேண்டும். அரை மணி நேரம் ஓட்டி நிறுத்தி, மூன்று நிமிடம் கழித்து மறுபடி தொடங்க வேண்டும். இரண்டு முறையும் அதிகச்சுமை விளக்கு எரியாமல் தொடங்கினால், அந்த ஊரின் உயரத்தில் அந்த ஜெனரேட்டர் போதும். அதைவிட உயரமான ஊர்களுக்கு 1,000 அடிக்கு 3.5 சதவீதம் கழித்துக்கொள்ள வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்